நான்கு வெற்று ஆசனங்களும் அவற்றுக்கு முந்திய ஏழு ஆண்டுகளும்

சென்ற பகுதியில் 1921இன் பிளவு வரை வந்திருந்தோம். இலங்கைத் தேசிய காங்கிரசை 1919இல் உருவாக்கி அதன் முதல் தலைவராகவும் இருந்த சேர் பொன்னம்பலம் அருணாசலம், கொழும்புத் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று தரப்பட்ட வாக்கு மீறப்பட்டதைக் கண்டு அந்த அமைப்பைவிட்டு விலகினார். 1924 ஜனவரியில் மதுரையில் அவர் காலமானபோது, சிங்களவரும் தமிழரும் ஒரே மேடையில் நின்று ஆட்சியுரிமை கேட்கும் காலம் முடிந்துவிட்டது என்றே பலர் எண்ணினர். மூத்த தலைவர்கள் எந்த இனத்துக்கு எத்தனை ஆசனம் என்ற கணக்கில் இறங்கிவிட்டார்கள். அதே 1924ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாண நகரின் ரிட்ஜ்வே மண்டபத்தில் ஒரு மாநாடு கூடியது. அதைக் கூட்டியவர்களில் சட்ட நிரூபண சபை உறுப்பினர் எவருமில்லை, சேர் பட்டம் பெற்றவர் எவருமில்லை. கல்லூரி மாணவர்களும் அவர்களுக்குக் கற்பித்த இளம் ஆசிரியர்களுமே இருந்தார்கள். முன்னின்று நடத்தியவர் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம். 1899இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 25. அமைப்புக்கு யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் அது வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று; வரலாற்றில் நிலைத்ததும் அந்தப் பெயர்தான்.

இந்த இளைஞர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் நேரே 1931க்குப் போய்விடுகிறார்கள். அவ்வாண்டு அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது; குடாநாட்டின் நான்கு ஆசனங்கள் வெற்றாகக் கிடந்தன. புகழ்வோர் அதை வீரம் என்கிறார்கள், பழிப்போர் அரசியல் தற்கொலை என்கிறார்கள். இரு தரப்பும் ஒரே நாளில் நின்றுகொண்டு வாதிடுவதால் அதற்கு முந்திய ஏழு ஆண்டுகள் கண்ணில் படாமல் போகின்றன. பகிஷ்கரிப்பு அவர்களுடைய கதையின் கடைசி அத்தியாயங்களில் ஒன்று. நாம் கொண்டாட வேண்டிய சாதனை 1924க்கும் 1931க்கும் இடைப்பட்ட காலத்தில் இருக்கிறது: கொழும்பிடமும் லண்டனிடமும் உரிமை கேட்கப் புறப்படுமுன், சாதி, மொழி, மதம், கல்வி ஆகிய நான்கிலும் தன் வீட்டுக் கணக்கை யாழ்ப்பாணம் பார்த்தாக வேண்டும் என்று அந்த இளைஞர்கள் வற்புறுத்தினார்கள். இருபதுகளில் இருந்த பிள்ளைகள் பெரியவர்களின் சமூகத்தை அப்படி ஒரு விசாரணைக்கு இழுத்து வந்தது இலங்கைத் தமிழர் வரலாற்றில் அதற்குமுன் நடந்ததில்லை என்பது என் கணிப்பு.

அதன் கனத்தை உணர அக்கால யாழ்ப்பாணத்தை நினைவில் கொண்டுவர வேண்டும். அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கிய நாளிலிருந்து நூறு ஆண்டுகள் ஆங்கிலக் கல்வி அங்கே வேரோடியிருந்தது. வறண்ட மண், சிறு நிலத்துண்டுகள், கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினால்தான் பயிர். இந்த நிலையில் பிள்ளைக்கு ஆங்கிலம் படிப்பித்து உத்தியோகத்துக்கு அனுப்புவதே குடும்பங்கள் கண்ட வழி. கொழும்புக் கந்தோர்களிலும் மலாயாவின் ரெயில்வேயிலும் திறைசேரியிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். ஊரில் வீடு எழும்பியதும் சீதனம் சேர்ந்ததும் அவர்கள் அனுப்பிய மணியோடரில். ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்ற பேச்சு அந்தக் காலத்தின் வாழ்க்கைத் திட்டத்தையே சொல்லிவிடுகிறது. அரசாங்கத்தோடு முரண்படுவது சோற்றில் மண் போடுவதாகக் கருதப்பட்ட ஊரில், உத்தியோகத்துக்கென்றே வளர்க்கப்பட்ட பிள்ளைகள் எழுந்து, இந்தக் கல்வி நம்மை யாருக்காகத் தயார் செய்கிறது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் விலை அவர்களுடைய வீட்டாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

அவர்கள் சேர்ந்து நின்ற விதமே முதல் சான்று. யாழ்ப்பாணத்தின் பெரும் பள்ளிகள் மதப் போட்டியில் முளைத்தவை. மிஷன் பள்ளிகளுக்கு எதிராக ஆறுமுக நாவலர் தொடக்கிய சைவக் கல்வி இயக்கத்தின் வழியில் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. பின்னர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் கல்லூரிகள் வந்தன. கிறிஸ்தவப் பள்ளிப் பிள்ளையும் சைவப் பள்ளிப் பிள்ளையும் இரு வேறு முகாம்களில் வளர்ந்தார்கள். மாணவர் காங்கிரசில் அந்த வேலி விழுந்தது. கிறிஸ்தவரான பேரின்பநாயகத்தோடு, பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயராகப் பொறுப்பேற்ற சபாபதி குலேந்திரன் இருந்தார். சைவரான ‘ஒறேற்றர்’ சுப்பிரமணியம் இருந்தார். அவர் பிற்காலத்தில் சுன்னாகம் ஸ்கந்தவரோதயாக் கல்லூரியின் புகழ்பெற்ற அதிபர். பின்னாளில் வழக்கறிஞராகவும் செனற்றராகவும் பெயர் பெற்ற எஸ். நடேசனும் இந்த வட்டத்தில் வளர்ந்தவரே. கிழக்கிலிருந்து வந்த இராமகிருஷ்ண மிஷன் துறவி சுவாமி விபுலாநந்தர் அவர்களுடைய மாநாடு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். எதிரெதிர் முகாம்களில் படித்தவர்கள் ஒரே தீர்மானத்துக்குக் கை தூக்கினார்கள் என்பதை வெறும் நல்லிணக்கச் செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதி விடயத்தில் இரு முகாம்களும் ஏறத்தாழ ஒரே குற்றத்தைச் செய்துகொண்டிருந்தன. அதை ஒருவர் மற்றவரின் குறையாகக் காட்டித் தப்பித்துக்கொள்ளும் வழி இந்தக் கூட்டினால் அடைபட்டது.

சாதிக்கு எதிரான நிலைப்பாடு தொடக்கத்திலிருந்தே அவர்களுடைய திட்டத்தில் இருந்தது. தீண்டாமையைக் கண்டித்தார்கள், மாநாடுகளில் சமபந்தியாக அமர்ந்து உண்டார்கள். இன்று இது சிறிய காரியமாகத் தோன்றலாம். அக்காலத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பல பள்ளிகளில் வாங்கில் இருக்க முடியாது. தரையில் இருக்க வேண்டும், அல்லது வெளியே நிற்க வேண்டும். 1920களின் இறுதியில் அரச உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது குடாநாட்டில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. சில இடங்களில் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைக்கவும் துணிந்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதனைப் போன்ற பெரியவர்கள் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார்கள். வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. இராமநாதன் அன்று தமிழரின் ஒப்பற்ற தலைவர். அவருக்கு எதிராக யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் பகிரங்கமாக நிலையெடுப்பது குடும்பத்துக்குள்ளேயே புயலைக் கிளப்பக்கூடிய செயல்.

மொழியிலும் அதே துணிவு. ஆங்கிலம் சோறு போட்ட ஊரில் தாய்மொழிக் கல்வியையும் தேசிய இலக்கியம், இசை, கலைகளின் வளர்ச்சியையும் அவர்கள் கேட்டார்கள். அதோடு நிற்காமல், தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் கற்க வேண்டும் என்றார்கள். ஓர் இலங்கை என்று பேசியவர்கள் அன்று பலர். அந்த ஒருமைக்கு அடுத்தவரின் மொழியைக் கற்கும் உழைப்பு வேண்டும் என்று சொன்னவர்கள் மிகச் சிலர். சிங்களத் தலைவர்களையும் அவர்கள் தங்கள் மேடைக்கு அழைத்துப் பேசவைத்தார்கள். 1926 ஜூலையில், ஒக்ஸ்ஃபோர்டிலிருந்து திரும்பி ஓராண்டே ஆகியிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, மாணவர் காங்கிரசின் ஆதரவில் யாழ்ப்பாணத்தில் உரையாற்றினார். இலங்கையின் அரசியல் சிக்கலுக்குக் கூட்டாட்சியே தீர்வு என்பது அவர் பேசிய பொருள். அவரும் பேரின்பநாயகத்தைப் போல 1899இல் பிறந்தவர். மூன்று பத்தாண்டுகள் கழித்து, 1956இல், அதே பண்டாரநாயக்கவின் அரசு தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தப் பெரும் சரிவு இத்தொடரில் பின்னால் வரும். இங்கே கவனிக்க வேண்டியது, கூட்டாட்சி என்ற எண்ணத்தைத் தமிழர் முன்னிலையில் விவாதத்துக்கு வைத்த மேடைகளில் ஒன்றை அமைத்துக் கொடுத்தவர்கள் இந்த இளைஞர்கள் என்பது. அந்தத் தீர்வை அவர்கள் ஏற்றார்களா என்பது வேறு கேள்வி. அவர்களுடைய மனம் பிரிவினையற்ற முழு இலங்கைச் சுயராச்சியத்தில் இருந்தது. தாம் ஏற்காத கருத்துக்கும் மேடை தரும் பழக்கம் அவர்களிடம் இருந்ததே என் வாதத்துக்குப் போதும்.

1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தார். மாத இறுதியில் சில நாட்கள் யாழ்ப்பாணத்தில் தங்கினார். அவரை வரவேற்றுப் பயணத்தை ஒழுங்கு செய்ததில் மாணவர் காங்கிரசுக்குப் பெரும் பங்குண்டு. கதர் நிதி திரட்டினார்கள். கல்லூரிதோறும் அவர் பேசினார். தீண்டாமையும் மதுவும் அவருடைய பேச்சுகளில் முதலிடம் பெற்றன. இங்கேதான் முதல் ஆட்சேபம் எழுகிறது. இவர்கள் செய்தது எல்லாம் இந்தியாவைப் பார்த்துப் போட்ட நகல். கதரும் காங்கிரஸ் என்ற பெயரும் சுயராச்சியம் என்ற முழக்கமும் கடன் வாங்கியவை என்பார்கள். கடன் வாங்கினார்கள் என்பதில் ஐயமில்லை, மறைக்கவும் தேவையில்லை. பாக்கு நீரிணையின் அக்கரையில் நடந்த பெரும் கிளர்ச்சி இக்கரை இளைஞரைத் தொடாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. என்றாலும் நகலெடுப்பவர் மூலத்தில் உள்ளதையே எழுதுவார். சிங்களமும் தமிழும் பரிமாறிக் கற்கும் திட்டம் எந்த இந்திய மாநாட்டிலிருந்தும் வந்ததாகச் சொல்ல முடியாது. அது இத்தீவின் நோய்க்கு இத்தீவில் பிறந்தவர்கள் எழுதிய மருந்து. யாழ்ப்பாணத்துச் சம ஆசனப் போராட்டத்துக்கும் இந்த மண்ணே காரணம். காந்தியின் வருகையால் அவர்கள் பெற்றது, மூன்று ஆண்டுகளாகத் தாம் சொல்லிவந்ததைப் பெரியவர்களும் காது கொடுத்துக் கேட்கும்படி செய்த ஒரு குரல்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட வலுவானது. இவர்கள் ஆங்கிலம் படித்த, பெரும்பாலும் மேல்நிலைச் சாதிகளைச் சேர்ந்த ஆண்கள். கூட்டம் கூடினார்கள், தீர்மானம் போட்டார்கள், சாதி அப்படியே இருந்தது என்பது அது. சாதி அப்படியேதான் இருந்தது என்று சொன்னால் மறுக்க முடியாது. சமூக இழிவுகளைத் தடை செய்யும் சட்டம் 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1968இல்கூட மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் உள்ளே நுழையும் உரிமைக்காகத் தாழ்த்தப்பட்ட மக்கள் போராடினார்கள். அந்த உரிமைகளை வென்றெடுத்தவர்கள் அவற்றுக்காக அடி வாங்கிய மக்களும் அவர்கள் தாமே கட்டிய சங்கங்களும்தான். வாலிபர் காங்கிரசுக்கு அந்தப் புகழில் பங்கு கேட்க நான் துணிய மாட்டேன். ஆயினும் ஆதிக்கச் சாதி வீடுகளுக்குள் நடக்க வேண்டிய விவாதம் ஒன்று உண்டு. அதை அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் தொடங்க முடியும். தந்தையின் சொல்லுக்கு எதிராக, தான் பெறும் வசதிக்கு எதிராக, வீட்டுத் திண்ணையிலிருந்தே பேசுவது அது. அந்தப் பங்கை அவர்கள் ஏற்றார்கள். பெண்கள் முன்வரிசையில் இல்லாதது அவர்களுடைய குறை என்றே வைக்கிறேன். 1931 ஏப்ரல் மாநாட்டுக்குக் கமலாதேவி சட்டோபாத்யாய இந்தியாவிலிருந்து வந்திருந்தார் என்ற ஒன்றைக் காட்டி அந்தக் குறையை மூட இயலாது.

இனிப் பகிஷ்கரிப்பு. காந்தி வந்த அதே 1927 நவம்பரில் டொனமூர் பிரபுவின் ஆணைக்குழுவும் இலங்கையில் வந்திறங்கியது. புதிய அரசியலமைப்பை முன்மொழிந்த அதன் அறிக்கை 1928இல் வெளியானது. அதுவரை மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பேருக்கு மட்டுமே வாக்கு இருந்தது. புதிய அரசியலமைப்பில் 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்கு. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தது. மறுபக்கத்தில் நிதி, சட்டம், பாதுகாப்பு போன்ற அதிகாரங்கள் மூன்று பிரித்தானிய அதிகாரிகளிடமே இருந்தன; தேசாதிபதியின் மேலதிகாரமும் குறையவில்லை. 1929 டிசம்பரில் சட்ட நிரூபண சபை இதை 19க்கு 17 என்ற இரண்டே வாக்குகளில் ஏற்றது. தமிழ் உறுப்பினர்கள் ஏறத்தாழ எல்லாரும் எதிர்த்தார்கள். சர்வசன வாக்குரிமையும் இனவாரி ஆசன இழப்பும் அவர்களை அச்சுறுத்தின. இராமநாதன் முதிர்ந்த வயதில் லண்டன் வரை போய் முறையிட்டார். 1930 நவம்பரில் மறைந்தார். இளைஞர்களின் எதிர்ப்புக்குக் காரணம் வேறு. எல்லாருக்கும் வாக்கு என்பதையும் இனவாரி ஆசனம் போவதையும் அவர்கள் எதிர்க்கவில்லை. சுயராச்சியம் தராத அமைப்புக்கு நாம் ஏன் ஆள் அனுப்ப வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி. 1931 ஏப்ரல் மாநாட்டில் பகிஷ்கரிப்புத் தீர்மானம் நிறைவேறியது. மே 4ஆம் திகதி நியமனப் பத்திர நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. ஜூனில் தேர்தல் முடிந்தபோது 50 தொகுதிகளில் 46க்கே உறுப்பினர்கள் இருந்தார்கள். பதவியில்லாத, பணமில்லாத ஓர் இளைஞர் அமைப்பு தேர்தலுக்குத் தயாராக இருந்த பெருந்தலைகளையெல்லாம் பின்வாங்கச் செய்தது. ஏழு ஆண்டுகளின் உழைப்பால் கிடைத்த நம்பிக்கை இல்லாமல் ஒரு மாதத்தில் இது நடந்திருக்காது.

இதன்மேல் வரும் குற்றச்சாட்டு பெரியது. தெற்கின் தேசியவாதிகள் கூட வருவார்கள் என்று நம்பி இளைஞர்கள் இறங்கினார்கள், அவர்கள் வரவில்லை, யாழ்ப்பாணம் தனித்து நின்றது, அதனால் ஆட்சி சிங்களவர் கைக்குப் போனது, இனவாத அரசியலுக்கு வாசல் திறந்தது என்பது வழக்கமான வாதம். தெற்கை அவர்கள் தவறாகக் கணித்தார்கள் என்பது சரி. மீதி வாதத்தைக் காலவரிசையே மறுக்கிறது. யாழ்ப்பாண உறுப்பினர் ஒருவரும் இல்லாத 1931இன் ஏழு அமைச்சர்களில் ஹட்டன் தொகுதியின் பெரி சுந்தரம் என்ற தமிழரும் மாக்கான் மாக்கார் என்ற முஸ்லிமும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தின் எல்லா ஆசனங்களும் நிரம்பியிருந்த 1936இல்தான் தனிச் சிங்கள அமைச்சரவை அமைந்தது. வெற்று ஆசனங்களை அதற்குக் காரணமாகக் காட்டுவது விளைவை விட்டுக் காரணத்தை வேறிடத்தில் தேடுவதாகும். பகிஷ்கரிப்பு உள்ளூர இனவாத அச்சத்தின் வெளிப்பாடுதான் என்று வேறு சிலர் சொல்வர். தெருவில் அதை ஆதரித்தவர்களில் அப்படி அஞ்சியவர்களும் இருந்திருக்கலாம். ஒரு பெரும் இயக்கத்தில் எல்லாரும் ஒரே காரணத்துக்காகச் சேர்வதில்லை. முன்னின்றவர்கள் இழந்த இனவாரி ஆசனத்தைத் திருப்பிக் கேட்டதில்லை என்பதை அந்த வாதத்தால் விளக்க முடியாது. இனவாரி உரிமையைப் பின்னர் முழங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவ்வாண்டு பகிஷ்கரிப்பில் சேராமல் மன்னார்–முல்லைத்தீவில் போட்டியிட்டுத் தோற்றார் என்பதும் பதிவில் இருக்கிறது.

எனக்கு விடை காணக் கடினமாக இருப்பது எவரும் அதிகம் எழுப்பாத இன்னொரு ஆட்சேபம். 1931இல் முதன்முதலாக வாக்குப் பெற்றவர்கள் பெண்களும் நிலமற்றவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும். தீவின் மற்றப் பகுதிகளில் அவர்கள் வரிசையில் நின்று வாக்களித்தபோது, குடாநாட்டில் அந்த முதல் வாக்கு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. யாருக்காகச் சமபந்தியில் இருந்தார்களோ அவர்களுடைய புதிய உரிமையை, அவர்களைக் கேட்காமலே, மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளி வைத்தார்கள். விடுதலை முழுமையாக வேண்டும் என்று கேட்பதற்கும், கிடைத்த பாதியை எளியவரின் கையிலிருந்து விலக்குவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவர்கள் எடைபோட்டதற்கு அடையாளம் தெரியவில்லை. இதை அவர்களுடைய பெரும் பிழையாகவே நான் கருதுகிறேன். ஆனாலும் அந்தப் பிழையை நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோம்? சமத்துவம் என்ற அளவுகோலால். அதே அளவுகோலை யாழ்ப்பாணத்துப் பொதுமேடையில் முதலில் எடுத்து நீட்டியவர்களில் இவர்களும் உண்டு என்பதை மறந்துவிட்டு இந்தத் தீர்ப்பை எழுத முடியாது.

தெற்கில் அவர்கள் வீணாகப் போகவில்லை. 1930களின் தொடக்கத்தில் சிங்கள இளைஞர் கழகங்களில் ஊறிய எதிர்ப்புணர்வுக்கு யாழ்ப்பாணத்தின் முன்மாதிரி ஊக்கமளித்தது. பின்னர் இடதுசாரித் தலைவராகப் பெயர் பெற்ற பிலிப் குணவர்தன லண்டனிலிருந்தே பகிஷ்கரிப்பை வரவேற்றார். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தவர்கள் அந்தச் சூழலிலிருந்து வந்தவர்கள். யாழ்ப்பாணத்துக்குள் வாலிபர் காங்கிரசின் நிலையான தடம் சட்டசபையில் இல்லை, பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. பேரின்பநாயகம் 1947 பொதுத் தேர்தலில் வட்டுக்கோட்டையில் நின்று தோற்றார். பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராகப் பொறுப்பேற்றார். கிறிஸ்தவர் ஒருவர் இந்துக் கல்லூரிக்கு அதிபரானதை அந்த ஊர் ஏற்றுக்கொண்டது என்பதையும், 1924இல் அவர் தொடங்கிய வேலையையும் நான் சேர்த்தே வாசிக்கிறேன். 1977இல் அவர் மறையும் வரை சிங்களமும் தமிழும் சேர்ந்து கட்டும் நாடு என்ற எண்ணத்தை அவர் கைவிடவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் யாழ்ப்பாணம் தனிநாட்டுக் கோரிக்கைக்கு வாக்களித்திருந்தது.

1934இல் அந்த நான்கு தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் நடந்தது. பருத்தித்துறையில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் வென்று அரசாங்க சபைக்குள் நுழைந்தார். வாலிபர் காங்கிரசின் செல்வாக்குச் சரிந்து அவருடைய ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கை எழுந்த கதையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.